நானூற்றுப் பதினேழாம் எண் பல்சக்கரம்

அந்த இரும்புத் துண்டில் எழுதியிருந்தது பொய் என்று துளசிமணிக்கு அதைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது.

ஒன்பதாம் வளைவில், தண்டவாளத்தின் ஓரத்து ஜல்லிக்குள் கிடந்தது அது. உள்ளங்கை அகலத்துக்கு உடைந்த ஒரு பல்லும், அதை ஒட்டிக் கொஞ்சம் விளிம்பும். விபத்து நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சுற்றிலும் கல்லில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

கீழ்ப்பாறையிலிருந்து மேல்முடிக்குப் போகும் மலை ரயில் அது. ஏற்றம் அதிகம் என்பதால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த மூன்றாவது தண்டவாளம் ஒன்று ஓடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சக்கரம் பிளந்தது. இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் பின்னோக்கிச் சறுக்கிப் பாறையில் மோதின. ஒன்பது பேர் செத்தார்கள். டிரைவர் நாச்சிமுத்து கடைசி வரை கைப்பிரேக்கை விடவில்லை. அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிவேகமாக ஓட்டி ஒன்பது பேரைக் கொன்றதாக அவர் மேல் வழக்கு.

நாச்சிமுத்து துளசிமணியின் அண்ணன். அவளும் அதே ரயிலில்தான் வேலை செய்தாள். லோகோ ஷெட்டில் பதினான்கு வருடமாக பிட்டர்.

அண்ணன் மேல் வழக்கு வந்ததற்குக் காரணம் ஒரு காகிதம். உதிரிபாகங்கள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர் குலசேகரன், சக்கரம் சுவிட்சர்லாந்தில் செய்தது என்பதற்குச் சான்றிதழ் நீட்டினார். அந்த நாட்டு இரும்பு உடையாது, ஓட்டியவன்தான் உடைத்திருக்கிறான் என்று அவருடைய வக்கீல் விசாரணையில் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

துளசிமணி அந்தத் துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். பழைய சுவிஸ் சக்கரங்களை அவள் எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறாள். அவை சம்மட்டியால் அடித்து உருவாக்கியவை. உடைந்தாலும் உடைந்த இடம் பட்டுத் துணி மாதிரி நெருக்கமாக இருக்கும். இதுவோ அஸ்கா சர்க்கரை மாதிரி பொரபொரவென்று இருந்தது. நடுவில் ஊசி நுழையும் ஓட்டைகள். மணல் அச்சில் ஊற்றிய வார்ப்பு இது. விளிம்பில் சுவிட்சர்லாந்தின் பெயரும் 417 என்ற எண்ணும் மழுங்கலாகத் தெரிந்தன.

அந்த எண்தான் அவளை உலுக்கியது. அந்தக் காலத்தில் எந்த இன்ஜினுக்காகச் சக்கரம் செய்தார்களோ அந்த இன்ஜினின் எண்ணையே சக்கரத்திலும் குத்துவார்கள். ஷெட்டின் பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்துப் புரட்டினாள். 417 இருந்தது. அறுபது வருடத்துக்கு முன் ஒரு அடைமழையில் மலை சரிந்து, பேய்த்தொண்டைப் பள்ளத்தாக்கில் விழுந்த இன்ஜின். எடுக்க முடியாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று செத்த இன்ஜினின் எண், போன வருடம் செய்ததாகச் சொல்லும் சக்கரத்தில் எப்படி வந்தது?

விசாரணை அதிகாரி வரதராஜன் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றார். பள்ளத்தாக்கில் கிடக்கும் இன்ஜினைப் போட்டோ எடுத்து வந்தால் வக்கீல் அதை ஊதித் தள்ளிவிடுவார் என்றும் சொன்னார்.

"நீங்க ரெஜிஸ்டர் காட்டறீங்க, அவங்க சர்டிபிகேட் காட்டறாங்க. பேப்பருக்குப் பேப்பர் சரியாப் போச்சும்மா. மேசை மேல வைக்கிற மாதிரி ஒரு பொருள் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு விசாரணை முடியுது."

அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலையில் ரயில் மறுபடியும் ஓடப் போகிறது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கோடை விடுமுறைக் கூட்டம். இழுக்கப் போவது இரண்டாம் இன்ஜின். அதே சப்ளையில் வந்த இன்னொரு சக்கரம் அதன் அடியில் இருந்தது. அதை அங்கே மாட்டியவளே துளசிமணிதான்.

புதன்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காது தீயில் வெந்து சுருங்கியிருந்தது. பெயர் ஆரோக்கியம் என்றும், கேஸ் வைத்து இரும்பு வெட்டுவது தொழில் என்றும் சொன்னார். பிறகு தரையைப் பார்த்தபடி, போன வருடம் பேய்த்தொண்டைக்குள் இறங்கி அந்தப் பழைய இன்ஜினிலிருந்து ஒரு சக்கரத்தை வெட்டிக் கொடுத்தது தான்தான் என்றார். குலசேகரனின் ஆள் ராக்கியப்பன் கூட்டிப் போனானாம். சர்க்கார் ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு என்று சொன்னானாம். அப்புறம் ஒரு நாள் குலசேகரனின் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் அதே சக்கரத்தை மணலில் பதித்து அச்சு எடுப்பதைப் பார்த்தாராம். எதற்கு என்று கேட்கவில்லை.

துளசிமணி கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. எப்போது ஓங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் தோளில் விழுந்தது. அவர் முனகினார், நகரவில்லை.

"இன்னும் அடிக்கோணும்னா அடிச்சுக்குங்க அம்மிணி. அடிச்சுட்டு வாங்க. அந்த இன்ஜின்ல ரெண்டு சக்கரம் இருந்துச்சுங்க. ஒண்ணைத்தான் வெட்டுனேன். இன்னொண்ணு மண்ணுக்குள்ள அப்படியே கெடக்குது."

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள்.

பள்ளத்தாக்குக்கு இரண்டு வழி. கீழேயிருந்து ஓடையோடு ஏறிப் போகலாம். ஆனால் ஓடை வாயில் குலசேகரனின் கல்குவாரி இருந்தது. இன்னொன்று மேலேயிருந்து செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்குவது. அதைச் செய்யக்கூடியவர் நஞ்சன் என்ற இருளர். மலைத்தேன் எடுக்க அந்தப் பாறையில் வருடா வருடம் தொங்குகிறவர். செத்த ஒன்பது பேரில் மேல்முடிச் சந்தைக்குப் போன அவருடைய அண்ணன் மகளும் ஒருத்தி. துளசிமணி சொல்லி முடிப்பதற்குள் அவர் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவளுக்குத் தெரியாத ஒன்றும் அதற்குள் நடந்திருந்தது. பழைய ரெஜிஸ்டரைப் புரட்டியதை ஷெட்டில் ஒரு ஆள் பார்த்து, குலசேகரன் காதில் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் மூவரும் பாறை விளிம்பில் நின்றார்கள். இருநூறு அடி ஆழம். பாறையின் இடுக்குகளில் முறம் முறமாகத் தேனடைகள் தொங்கின. தேனீ கிளம்பினால் கையை வீசக்கூடாது, ஓடக்கூடாது, தண்ணீரில் படுத்து ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று நஞ்சன் இரண்டு முறை சொன்னார். கயிற்றை ஒரு மருத மரத்தில் கட்டி முதலில் தான் இறங்கிக் காட்டிவிட்டு, மறுபடி ஏறி வந்து காவலுக்கு மேலேயே நின்றுகொண்டார்.

துளசிமணி இறங்கினாள். இடுப்பில் சுத்தியல், கடப்பாரை, கொறடு. முதல் ஐம்பது அடியில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கால் வைத்த கல் ஒன்று பெயர்ந்து கீழே போயிற்று. அது விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனது. அவளுக்குப் பின்னால் ஆரோக்கியம், முதுகில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் கேஸ் குப்பியையும் கட்டிக்கொண்டு, ஜெபம் முணுமுணுத்தபடி இறங்கினார்.

இன்ஜின் ஓடைக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. டிரைவர் நிற்கும் இடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு அத்தி மரம் வளர்ந்திருந்தது. அடிப்பக்கம் வந்ததும் ஆரோக்கியம் கையை நீட்டிக் காட்டினார். அச்சின் ஒரு முனை வெட்டுப்பட்டு, உருகி வழிந்த இரும்பு துளித்துளியாக உறைந்திருந்தது. மேலே லேசான துரு. அறுபது வருடத்துத் துரு இல்லை அது.

மறுமுனை மணலுக்குள் இருந்தது. இருவரும் ஒரு மணி நேரம் தோண்டினார்கள். பிறகு துளசிமணி மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். துரு கழன்று விழ விழ எழுத்து வெளியே வந்தது. கூர்மையாக, நேற்றுக் குத்தியது போல. சுவிட்சர்லாந்து. 417.

பையிலிருந்து உடைந்த பல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வெர்னியர் காலிப்பரால் இரண்டையும் அளந்தாள். போலி ஒரு மயிரிழை சிறியதாக இருந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அசலை வைத்து அச்சு எடுத்தால் பிறக்கும் நகல் அசலைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். பல் சின்னதானால் தண்டவாளத்தில் சரியாகப் பொருந்தாது, ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். ஒன்பதாம் வளைவு வரை இடித்து இடித்தே அது பிளந்திருக்கிறது.

முழுச் சக்கரத்தையும் தூக்க நான்கு ஆள் வேண்டும். எழுத்தும் எண்ணும் இருக்கும் பகுதியை மட்டும் இரண்டு பல்லோடு வெட்டி எடுத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். ஆரோக்கியம் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார்.

"பன்னெண்டு நிமிசம் வருமுங். அதுக்கு மேல ஒரு மூச்சுக்கூட இருக்காது."

நீலத் தீ சீறியது. பொறி பறந்தது.

நான்காவது நிமிடத்தில் வெடிச்சத்தம் கேட்டது. ஆரோக்கியம் யாரோ தள்ளியது போல முன்னால் சாய்ந்தார். அவருடைய இடது தோள்பட்டையில் சட்டை கிழிந்து, ஏழெட்டு இடத்தில் ரத்தம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். நாட்டுத் துப்பாக்கியோடு ஒருவன், அரிவாளோடு ஒருவன், நடுவில் ராக்கியப்பன். அவன் தோளில் குவாரியில் பாறை உடைக்கும் ஜெலட்டின் குச்சிகள் கட்டாகத் தொங்கின. நான்காவது ஆளை அவன் முன்னமே மேலே அனுப்பியிருந்தான், கயிற்றைப் பார்த்துக்கொள்ள.

ராக்கியப்பன் சத்தம் போட்டுப் பேசும் ஆள் இல்லை. இன்ஜினும் இருக்காது, அதைப் பார்த்தவர்களும் இருக்க மாட்டார்கள், பாறை உடைக்கும்போது நடந்த விபத்து என்று நாளைக்கு எழுதிக்கொள்வார்கள் என்று சாவகாசமாகச் சொல்லியபடியே குச்சிக் கட்டை அவிழ்த்தான்.

ஆரோக்கியம் முழங்காலில் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கைதான் வேலை செய்தது. அந்தக் கையால் தீயை மறுபடி பற்றவைத்தார்.

"நான் நிறுத்தமாட்டனுங். நீங்க அவனுகளைப் பாருங்க."

துளசிமணி கொதிகலனின் மறைவில் ஒண்டினாள். அரிவாள்காரன் முதலில் வளைந்து வந்தான். அரிவாள் ஓங்கிய கையின் மணிக்கட்டை நோக்கி இரண்டு கையாலும் சுத்தியலை வீசினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. அவன் அலறிக்கொண்டு கையைத் தொடையிடுக்கில் அமுக்கிக்கொண்டு சுருண்டான். அடித்த வேகத்தில் சுத்தியல் நழுவித் தெறித்தது.

துப்பாக்கிக்காரன் மறுபடி மருந்து கிட்டித்துக்கொண்டிருந்தான். அவன் முடிப்பதற்குள் அவள் முழங்கால் தண்ணீரில் ஓடி அவன் மேல் விழுந்தாள். அவன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் அவள் முகத்தில் இடித்தான். கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. விழுந்தவளின் பின்கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். வாயிலும் மூக்கிலும் தண்ணீரும் மணலும் ரத்தமும் புகுந்தன. அண்ணன் முகம் நினைவுக்கு வரவில்லை, சாமி நினைவுக்கு வரவில்லை. கைக்கு ஒரு கல் கிடைக்குமா என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. கிடைத்தது. பின்பக்கமாக அவன் காதருகில் இடித்தாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. நான்காவது இடியில் கழுத்தை அமுக்கிய கை தளர்ந்தது.

அவன் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கரைப்பக்கம் தள்ளிவிட்டாள். அதற்கு மேல் அவனுக்குக் கொடுக்க அவளிடம் நேரம் இல்லை.

திரும்பியபோது ராக்கியப்பன் குச்சிகளைக் கொதிகலனுக்குள் செருகித் திரியில் தீ வைத்துவிட்டு, கீழே கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்தை நோக்கி நடந்தான். ஆரோக்கியத்தின் தீ சுருங்கி, மஞ்சளாகி, அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. துண்டு இன்னும் விரல் கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

துளசிமணி மணலில் கிடந்த சுத்தியலை எடுத்தாள். ஓடிய வேகத்திலேயே ஓங்கி அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் துண்டு முறிந்து, ஓரம் சிவந்து கனன்றபடி மணலில் விழுந்தது. அரிவாள் ஆரோக்கியத்தின் தலைக்கு மேலே போயிருந்தது. அவள் கொறடால் துண்டைக் கவ்வி, சிவந்த பக்கத்தை ராக்கியப்பனின் முழங்கையில் அழுத்தினாள்.

சதை கருகும் நாற்றம் எழுந்தது. அதுவரை குரல் உயர்த்தாதவன் மாடு கத்துவது போலக் கத்தினான். அரிவாள் விழுந்தது. அவள் துண்டைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். அது புஸ்ஸென்று ஆவி விட்டது. சாக்கில் போட்டு, ஆரோக்கியத்தின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடையின் மேல்பக்கம் இருந்த பெரிய பாறையை நோக்கி ஓடினாள்.

ராக்கியப்பன் தப்பி ஓடியிருக்கலாம். கீழ்ப்பக்கம் வழி திறந்துதான் இருந்தது. ஆனால் அவன் சாக்கைத் துரத்திக்கொண்டு வந்தான்.

வெடித்தது. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே அடியாக அதிர்ந்தது. கொதிகலன் பிளந்து, தகடுகள் பறந்து, அத்தி மரம் வேரோடு சாய்ந்தது. பாறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த துளசிமணியின் முதுகில் கல்லும் மண்ணும் மழையாக விழுந்தன. தூசி அடங்கியபோது மேலேயிருந்து ஒரு இரைச்சல் இறங்கி வந்தது. நூறு தேனடையும் ஒன்றாகக் கலைந்திருந்தன.

இருவரும் தண்ணீரில் படுத்துச் சாக்கை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்கள். நாலடி தள்ளி ராக்கியப்பன் கிடந்தான். ஒரு தகடு அவனுடைய ஒரு காலைத் தொடைக்குக் கீழே நசுக்கிப் பிடித்திருந்தது. முகம் தெரியாத அளவுக்குத் தேனீக்கள் அவனை மொய்த்தன. துளசிமணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் துப்பட்டாவை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து அவன் முகத்தின் மேல் வீசினாள். அதற்குள் அவள் கையில் இருபது கொட்டு விழுந்துவிட்டது.

மணிக்கட்டு நொறுங்கியவன் கையை வீசிக்கொண்டு ஓடையில் கீழே ஓடினான். அவனையும், கரையில் நினைவில்லாமல் கிடந்த துப்பாக்கிக்காரனையும் மறுநாள் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

மேலே பாறை விளிம்பில் நான்காவது ஆள் நஞ்சனின் தோளை வெட்டித் தள்ளிவிட்டுக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. தேனீ வந்ததும் நஞ்சன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்துவிட்டார். அவனோ பதறி, கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினான். எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று அவன் பார்க்கவில்லை. துளசிமணி சாக்கின் ஓரத்தை விலக்கிப் பார்த்தபோது, பாறையில் இரண்டு முறை மோதி ஒரு உடல் கீழே வந்து விழுந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இரைச்சல் ஓய்ந்தது. அவள் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தாள். தகடு அசையவில்லை. ராக்கியப்பனின் பெல்ட்டை உருவி அவன் தொடையில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தினாள். குடிக்கத் தண்ணீர் வைத்தாள். வீங்கிய இமைகளுக்கு நடுவிலிருந்து அவன் அவளைப் பார்த்தான்.

"உட்டுட்டுப் போயிருவியா?"

"போலீசக் கூட்டிட்டு வருவேன். அது வரைக்கும் சாகாம இரு."

கயிறு முக்கால் பங்கு வெட்டுப்பட்டிருந்தது. நஞ்சன் ஒற்றைக் கையாலும் பல்லாலும் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, ஒவ்வொருவராக வரும்படி மேலேயிருந்து குரல் கொடுத்தார். துளசிமணி சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். பத்துக் கிலோ இரும்பு பாறையில் மோதி மோதி முதுகெலும்பை இடித்தது. முடிச்சுப் பக்கம் வந்தபோது கண்ணெதிரே ஒரு இழை படக்கென்று அறுந்தது. இன்னொன்று. சாக்கை அவிழ்த்துவிட்டால் கயிறு தாங்கும் என்று மனசு சொன்னது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சைத் தாண்டினாள். பிறகு அவளும் நஞ்சனும் வெட்டுப்பட்ட பகுதியைக் கழித்துவிட்டு வேறு கயிறு சேர்த்து, மரத்தில் சுற்றிச் சுற்றி, நினைவு தப்பிக்கொண்டிருந்த ஆரோக்கியத்தை அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள்.

ஆரோக்கியத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்து, போலீசைப் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு அவள் விசாரணை அறைக்குள் நுழைந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. சாக்கை அவிழ்த்து இரும்பை மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் உடைந்த பல்லை வைத்தாள்.

வரதராஜன் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே நாடு, ஒரே எண். ஒன்று கூர்மை, ஒன்று மழுங்கல். காலிப்பரைத் தானே வாங்கி அளந்தார். குலசேகரன் எழுந்து, இந்தத் துண்டும் இவர்களே செய்துகொண்டு வந்ததுதான் என்றார். வக்கீல் சான்றிதழை மறுபடி நீட்டினார்.

துளசிமணிக்கு வாயைத் திறக்கவே வலித்தது.

"இதை நம்ப வேண்டாமுங்க சார். ரெண்டாம் இன்ஜினத் தூக்கிப் பாருங்க. அதுலயும் நானூத்திப் பதினேழு இருந்தா, இவங்க எத்தன தடவ பொறந்த சக்கரம் விக்கறாங்கன்னு அவங்களையே கேளுங்க."

ஷெட்டில் இரண்டாம் இன்ஜினை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அவளே அடியில் படுத்துச் சக்கரத்தைக் கழற்றினாள். 417 என்றிருந்தது. கழுவித் துடைத்து, மண்ணெண்ணெய் பூசி, மறுபடி சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூள் தூவினாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெளியே வரும். இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளைத் தூளில் மூன்று பற்களின் வேரில், மயிர் போல, கறுப்புக் கோடு எழுந்தது.

வரதராஜன் சனிக்கிழமை வண்டியை நிறுத்தும் உத்தரவை அங்கேயே, இன்ஜினின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். குலசேகரன் மெதுவாக ஷெட் வாசல் வரை போனார். அங்கே போலீஸ் நின்றது.

பவுண்டரியில் அசல் சக்கரம் மணலோடு கிடைத்தது. மூன்று நகல்கள் அனுப்பத் தயாராக இருந்தன. ராக்கியப்பன் பிழைத்தான். ஒரு காலோடு சிறைக்குப் போன அவன் கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆரோக்கியம் எல்லாவற்றையும் சொல்லி, சக்கரம் திருடியதற்கு ஆறு மாதம் தண்டனை வாங்கிக்கொண்டார். இடது கை அப்புறம் தோளுக்கு மேலே எழும்பவில்லை. நஞ்சனுக்குத் தையல் பிரித்த வாரமே அவர் மறுபடி பாறையில் தொங்கினார்.

வெள்ளிக்கிழமை மாலை துளசிமணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டில் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன. நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பறம் கேக்கறேன் கண்ணு. நாளைக்கு வண்டி ஏறுதா?"

"இல்லீங்ணா. நிறுத்தியாச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நாளில் முதல் தடவையாக அன்று ஊசி போடாமல் தூங்கினார் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

இன்றைக்கும் கீழ்ப்பாறை ஷெட்டுக்கு எந்த நாட்டுப் பெட்டி வந்தாலும், அதோடு வரும் சான்றிதழைத் துளசிமணி மரியாதையாக வாங்கி ஒரு ஓரமாக வைக்கிறாள். பிறகு மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு இரும்பிடம் போகிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் என்று கேட்டால் அவள் அதிகம் பேசுவதில்லை. தானும் ஒரு நாள் காகிதத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு சக்கரத்தை மாட்டியதாகச் சொல்வாள்.